விட்டவரிடம் யாரும் கேட்பதில்லை

“புகைபிடிக்கும் பழக்கம் உண்டா?” என்று கேட்டார் டாக்டர். “இல்லை சார்” என்றார் நைனா, என் அப்பா. சீட்டில் ஒரு சின்னக் கோடு விழுந்தது. பேச்சு இரத்த அழுத்தத்துக்குப் போய்விட்டது.

நைனா சொன்னதில் பொய் இல்லை. துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் இயந்திரம் ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். ஓய்வுக்குப் பிறகு பீடியைத் தொட்டதில்லை. அதற்கு முன்னால் முப்பது ஆண்டுக்கு மேல் நாளொன்றுக்கு ஒரு கட்டு ஊதித் தள்ளியவர். அதை அந்த டாக்டர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. முடிந்துபோன சங்கதியை எதற்குக் கிளற வேண்டும் என்பது அவர் நினைப்பு. “நடந்தால் மூச்சு வாங்குகிறது” என்று நான் இடையில் புகுந்து சொன்னதற்கு, “இந்த வயதில் எல்லாருக்கும் வாங்கத்தான் செய்யும்” என்ற பதில் கிடைத்தது. சளிக்கு ஒரு சிரப், வாயுவுக்கு ஒரு மாத்திரை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

புகைப்பவனுக்கு ஊரில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. பாக்கெட்டில் பாதிக்கு மேல் படம் போட்டுப் பயமுறுத்துகிறார்கள். படம் தொடங்கும் முன் திரையரங்கில் விளம்பரம் ஓடுகிறது. 1800-11-2356 என்று இலவச எண் கூட இருக்கிறது, கூப்பிட்டால் விடுவதற்கு வழி சொல்வார்கள். புகைக்காதவனுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஆள், அதாவது பல ஆண்டு புகைத்துவிட்டு ஒருநாள் விட்டவர், யார் கணக்கிலும் வருவதில்லை. வீட்டார் ‘விட்டுவிட்டார், நல்ல காலம்’ என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அவரும் தேர்வில் தேறியவர் மாதிரி நடந்துகொள்கிறார். வடசென்னையில் இப்படிப்பட்டவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ எழுபதைத் தொட்ட ஆண்களில், வாழ்க்கையில் புகைத்ததே இல்லை என்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். துறைமுகம், 1996-இல் மூடிய பின்னி ஆலை, ரயில்வே பட்டறை, விசைப்படகு, லாரி ஷெட் என்று உடம்பை வைத்துப் பிழைத்த தலைமுறை அது. இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்ட அது ஒன்றுதான் இருந்தது. மேஸ்திரி ஓய்வு கொடுக்கமாட்டார், ஆனால் பீடி பற்றவைக்கப் போனவனை ஐந்து நிமிடம் தேடமாட்டார். பெட்டிக்கடைத் தூணில் கயிறு ஒன்று தொங்கும். அதன் நுனியில் நெருப்பு கனன்றுகொண்டே இருக்கும். தீப்பெட்டிச் செலவு இல்லாமல் அதில் பற்றவைத்துக்கொண்டு நகர்வார்கள். பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்ற தடை 2008 அக்டோபர் 2-இல்தான் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்குள் இவர்களில் பலருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது.

இன்று அவர்களில் கணிசமானோர் விட்டுவிட்டார்கள். விளம்பரம் பார்த்து விட்டவர் எவரையும் எனக்குத் தெரியாது. ஒருவருக்கு நெஞ்சுவலி, ஸ்டென்ட் வைத்தார்கள். ஒருவர் காச நோய் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தபோது விட்டார். பேத்தியைத் தூக்கப் போனால் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது என்பதற்காக விட்டவரும் உண்டு. விலை ஏறியதால் விட்டதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

நோய் வந்து விடுபவர்களே மிகுதி என்பதால்தான் எங்கள் பக்கம் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது: “பீடியை விட்டான், ஆறு மாதத்தில் போய்ச் சேர்ந்தான். பழகின உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தாங்காது.” சாவு வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதை அடித்துப் பேசுவார்கள். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள் என்பதால் மறுத்துப் பேசுவதும் கடினம். ஆனால் வரிசை அங்கே தலைகீழாக இருக்கிறது. உள்ளே நோய் முற்றிவிட்டது, அதனால் புகை கசந்தது, அதனால் விட்டார், பிறகு அந்த நோயில் போனார். மருத்துவ ஆய்வுகளிலும் இந்தக் குழப்பம் வரும். விட்ட ஓரிரு ஆண்டுக்குள் இறப்பவர்களை அப்படியே எண்ணினால், விட்டதே தீங்கு என்று கணக்கு காட்டும். ஆய்வாளர்கள் ஏற்கெனவே நோயாளியாக இருந்து விட்டவர்களைத் தனியே பிரித்துப் பார்ப்பது இதனால்தான்.

நைனாவின் கேள்வி வேறு. “குடித்த காலத்தில் மூட்டை தூக்கினேன், ஏணி ஏறினேன், ஒன்றும் வரவில்லை. விட்டு இத்தனை வருடம் கழித்து எப்படி மூச்சு வாங்கும்?” நியாயமான கேள்வி. இதற்கான விடையை 1977-லேயே பிளெட்சர், பீட்டோ என்ற இருவர் எழுதிவைத்துவிட்டார்கள். லண்டனில் வேலைக்குப் போகும் ஆண்கள் 792 பேரை எட்டு ஆண்டு தொடர்ந்து, எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளந்துகொண்டே வந்தார்கள். புகைக்காத மனிதனுக்கும் முப்பது வயதுக்கு மேல் நுரையீரலின் திறன் ஆண்டுக்கு ஆண்டு குறையும். முதல் ஒரு நொடியில் வெளியே தள்ளக்கூடிய காற்று ஆண்டுக்கு ஏறக்குறைய 25, 30 மில்லிலிட்டர் குறைகிறது. புகையால் பாதிக்கப்படும் உடல்வாகு உள்ளவருக்கு இது இரண்டு மடங்கு, அதற்கு மேலும் போகும். எல்லாப் புகைப்பவர்களுக்கும் அப்படி ஆவதில்லை. யாருக்கு ஆகும் என்று முன்கூட்டியே முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது.

இயற்கை நமக்கு நுரையீரலைத் தேவைக்கு மேலேயே கொடுத்திருக்கிறது. அதனால் பாதி போகும்வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. நாற்பது வயதில் மூட்டை தூக்கியவர் கையிருப்பைத் தின்றுகொண்டிருந்தார். புகையை விட்டதும் சரிவின் வேகம் தணிந்து, ஏறக்குறைய மற்றவர்களின் வேகத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் போனது போனதுதான், திரும்பாது. வயதுக்கான வழக்கமான தேய்மானம் அதன் மேல் சேரச் சேர, அறுபத்தெட்டிலோ எழுபதிலோ மூச்சு வாங்கும் கோட்டை உடம்பு தொடுகிறது. விட்ட பிறகு வந்த நோய் என்று தோன்றுவது இதைத்தான். விடாமல் இருந்திருந்தால் அந்தக் கோட்டைச் சில ஆண்டு முன்பே தாண்டியிருப்பார்.

இதில் பீடியின் பங்கு தனி. சிகரெட்டை விடச் சின்னது, புகையிலையும் கொஞ்சம்தான், இலையில் சுற்றியது, இயற்கையானது என்று ஒரு சமாதானம் இன்னும் ஓடுகிறது. அந்த இலை காகிதம் மாதிரி காற்றை உள்ளே விடாது. இழுக்காமல் வைத்தால் அணைந்துவிடும். ஆகவே அடிக்கடி இழுக்க வேண்டும், ஆழமாக இழுக்க வேண்டும். நைனாவின் கன்னங்கள் உள்ளே ஒடுங்கும் அளவுக்கு இழுப்பதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். வீரம் என்று நினைத்தேன்.

சரி, வயதான பிறகு விட்டு என்ன லாபம் என்பவர்களுக்கு, பிரிட்டிஷ் டாக்டர்களையே வைத்து நடத்திய ஆய்வு ஒன்று இருக்கிறது. ரிச்சர்ட் டால் 1951-இல் தொடங்கியது. முப்பத்து நான்காயிரத்துச் சொச்சம் ஆண் மருத்துவர்களை ஐம்பது ஆண்டு விடாமல் தொடர்ந்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். கடைசிவரை புகைத்தவர்கள் புகைக்காதவர்களை விடச் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தார்கள். முப்பது வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தும் கிடைத்தது. நாற்பதில் விட்டவர்களுக்கு ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் மூன்று. அறுபது வயதில் மூன்று ஆண்டு என்பது சில்லறை இல்லை. பேரனின் கல்யாணம் அதற்குள் நடக்கும். மாரடைப்பு அபாயம் முதல் ஓரிரு ஆண்டிலேயே நன்றாக இறங்குகிறது. நுரையீரல் புற்றுநோய் அபாயம் மெதுவாகத்தான் இறங்கும். பத்து ஆண்டு கழித்து, தொடர்ந்து புகைப்பவனின் அபாயத்தில் ஏறக்குறைய பாதியாகிறது. புகைக்கவே புகைக்காதவனின் அளவுக்கு அது வருவதில்லை. ஆகவே ‘இனி விட்டு என்ன’ என்பதும் தவறு, ‘விட்டாயிற்று, இனி என்ன’ என்பதும் தவறு. எங்கள் தெருவில் முதல் வகையைக் கண்டிக்க ஆள் இருக்கிறது. இரண்டாவது வகையை யாரும் தவறாகவே நினைப்பதில்லை.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் இளம் வயதுப் பெண். “ஐயா, முன்பு எப்போதாவது பீடி, சிகரெட் குடித்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். நைனா என்னைப் பார்த்தார், பிறகு மேஜையைப் பார்த்தார், பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நுரையீரலின் திறனை அளக்கும் ஊதும் சோதனைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சோதனையைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஊசி இல்லை, இரத்தம் இல்லை, செலவும் பெரிதில்லை. ஆனால் எக்ஸ்ரேவை விட நூறு மடங்கு உழைப்பு. சின்ன அறை. மூக்கில் ஒரு கிளிப் மாட்டிவிடுகிறார்கள். அட்டைக் குழாயைப் பற்களுக்கு நடுவில் வைத்து உதட்டால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பல்செட் ஆடுகிறவர்களுக்கு அங்கேயே ஓட்டை விழும். மூச்சை முழுக்க இழுத்து, ஒரே தள்ளாகத் தள்ளி, அதற்கு மேல் வராது என்று தோன்றிய பிறகும் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். சோதனை செய்பவர் பக்கத்தில் நின்று “ஊதுங்கள் ஐயா, ஊதுங்கள், ஊதுங்கள், விடாதீர்கள், இன்னும், இன்னும்” என்று கத்துகிறார். படகுப் போட்டியில் துடுப்பு போடுகிறவர்களுக்குக் கூட அவ்வளவு உற்சாகம் கொடுக்கமாட்டார்கள். கேட்டதும் வரிசையில் காத்திருந்த ஒரு பெரியவர் எழுந்து கதவு வழியாக எட்டிப் பார்த்தார். ஆறு நொடி. நைனாவின் கழுத்து நரம்புகள் புடைத்தன. மூன்று முறை. பிறகு மருந்தை உள்ளிழுக்கவைத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடியும் அதே.

மொத்தமாக ஊதிய காற்றில் முதல் நொடிக்குள் வந்தது எவ்வளவு என்பதுதான் பார்க்க வேண்டிய எண். மருந்து கொடுத்த பிறகும் அது நூற்றுக்கு எழுபதுக்குக் கீழ் நின்றால் குழாய்களில் அடைப்பு இருக்கிறது, மருந்தால் அது முழுதாகத் திறக்கவில்லை என்று பொருள். நைனாவுக்கு ஐம்பத்தைந்து சொச்சம். சிஓபிடி என்று எழுதினார்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். காற்றறைகளின் சுவர் சிதைந்து, பல காலம் துவைத்து நைந்துபோன பனியன் மாதிரி இழுத்தால் விரிகிறது, தானாகச் சுருங்கி வருவதில்லை. ஆகவே அவருடைய கஷ்டம் காற்று உள்ளே போகாதது அல்ல, உள்ளே போனது வெளியே வராதது. பழைய காற்று வெளியேறாமல் தேங்குவதால் புதியதற்கு இடம் இல்லை. உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி வெளியே விடச் சொல்லிக்கொடுத்தார்கள். இழுக்க இரண்டு எண்ணினால் விட நான்கு. பார்க்க விளையாட்டாக இருக்கிறது. மாடிப்படியில் அதைச் செய்துகொண்டே ஏறும்போது பாதியில் நிற்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் நைனாவின் கூட்டாளிகள் கூடிவிட்டார்கள். ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னார்கள்: பீடி ஒரு காரணமே இல்லை, காற்றுதான் காரணம்.

இந்த வாதத்தை நான் இளக்காரமாகத் தள்ளமாட்டேன். மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல், கொடுங்கையூரில் குப்பைமேடு, ஓயாத கன்டெய்னர் லாரி. எதைப் பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியாதோ அதையெல்லாம் எங்கள் பக்கம் கொண்டுவந்து வைத்தார்கள். துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் இறக்கி ஏற்றிய காலத்தில், ராயபுரத்தில் மாடியில் காயப்போட்ட வேட்டி ஒருநாள் கறுப்பாகவும் ஒருநாள் சிவப்பாகவும் வந்தது. 2011-இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது நின்றது. பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலையாற்றில் எண்ணெய் பரவியது. அதே மாதம் எண்ணூரில் அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். இவ்வளவையும் சுவாசித்தவர்களிடம் போய் ‘எல்லாம் நீ குடித்த பீடிதான்’ என்று சொல்வது அயோக்கியத்தனம்.

ஆனாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும் பெரியவர் ஒருநாளைக்கு உள்ளிழுப்பது ஏறத்தாழ 15 கன மீட்டர் காற்று. அதில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் நுண்துகள் என்று வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் ஆண்டுச் சராசரியாக ஏற்கும் அளவு 5 என்பதால் இது மிக மோசமான காற்று. முழு நாளைக்கும் சேர்த்து 900 மைக்ரோகிராம், ஒரு மில்லிகிராம் கூட வரவில்லை. ஒரே ஒரு சாதாரண சிகரெட்டின் புகையில் இருக்கும் தார் என்ற பசைத்துகள் அதைப் போலப் பத்து மடங்குக்குக் குறையாது. இவர்கள் நாளைக்கு ஒரு கட்டு குடித்தார்கள். எடையை மட்டும் வைத்துத் தீமையை அளந்துவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். காற்றிலிருந்து குழந்தைக்கும் தப்பில்லை, கர்ப்பிணிக்கும் தப்பில்லை. ஏற்கெனவே பழுதான நுரையீரலை அது இன்னும் கடுமையாகத் தாக்கும். காற்று கெட்டது என்பது பீடிக்குச் சாக்கு ஆகாது. பீடி குடித்தவன்தானே என்பது ஆலைக்குச் சாக்கு ஆகாது. பழைய புகையாளிக்குத்தான் நல்ல காற்று மற்றவர்களை விட அவசரமாகத் தேவைப்படுகிறது.

காச நோயைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கணக்கு நம் ஊரிலேயே போடப்பட்டது. மருத்துவர் வி. கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் சேர்ந்து, சென்னையிலும் விழுப்புரத்துக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் வீடுகளுக்குப் போய் விசாரித்து, உயிரோடிருந்த 35,000 பேரோடு ஒப்பிட்டார்கள். 2003-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. புகைத்தவர்கள் காச நோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆண்களின் காச நோய்ச் சாவுகளில் பாதிக்குப் புகையே காரணம் என்று கண்டார்கள். நைனாவும் 1989-இல் காச நோய்க்கு மருந்து சாப்பிட்டவர். அதன் தழும்பும் நுரையீரலில் இருக்கிறது. பீடியையும் பழைய காச நோயையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் டாக்டருக்குப் பாதிக் கதைதான் போகும்.

இன்ஹேலர் கைக்கு வந்தபோது வீட்டில் பஞ்சாயத்து. “அதை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது” என்றார் அத்தை. சர்க்கரை மாத்திரையை இருபது ஆண்டாக விடாமல் சாப்பிடுகிறவர் அவர். மாத்திரை என்றால் மருந்து, இன்ஹேலர் என்றால் கடைசிக் கட்டம் என்று ஓர் எண்ணம் எப்படியோ ஊறியிருக்கிறது. உண்மையில் மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் அளவு குறைவு, பக்கவிளைவும் குறைவு. ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் இழுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லையேல் நாக்கில் வெள்ளை படியும். கை நடுங்குகிறவர்களுக்கு ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையைச் சேர்த்துக் கொடுத்தால் மருந்து தொண்டையில் தங்காமல் கீழே போகும்.

மாத்திரை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் பக்கம் இளைப்புக்கு டெரிஃபிலின் வெகு சகஜம், மருந்துக்கடையில் கேட்டே வாங்குவார்கள். அதில் இருக்கும் தியோஃபிலின் என்ற மருந்தைப் புகைப்பவரின் கல்லீரல் வேகமாகக் கரைத்துவிடும். புகையை நிறுத்தினால் அந்த வேகம் சில நாளிலேயே குறைந்துவிடுகிறது. அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் இரத்தத்தில் இருப்பு ஏறுகிறது. குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை. காபிக்கும் இதே கதைதான், ஏனென்றால் காஃபீனைக் கரைப்பதும் அதே வழியில்தான். பீடியை விட்டவர் ‘நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, ராத்திரி தூக்கமே இல்லை, குடித்தபோதே நன்றாக இருந்தேன்’ என்று மறுபடி பெட்டிக்கடைக்குப் போவதற்கு முன், காபியைப் பாதியாக்கி, மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் சொல்லிப் பார்க்கலாம். முதல் சில வாரம் இருமல் கூடுவதும் பயப்பட வேண்டியதல்ல. புகையால் முடங்கிக் கிடந்த நுண்மயிர்கள் எழுந்து பழைய சளியை மேலே தள்ளத் தொடங்கியிருக்கும். மாதக்கணக்கில் நீடித்தால் அது வேறு, காட்டியாக வேண்டும்.

நுரையீரலோடு விஷயம் முடிவதில்லை. நைனாவின் கூட்டாளி ஒருவர், ராபின்சன் பூங்காவுக்கு நடக்க வருகிறவர் (தி.மு.க.வை அண்ணா தொடங்கிய அதே பூங்கா, 1949-இல் அங்கே நின்று பேச்சு கேட்ட தலைமுறை ஏறக்குறைய முடிந்துவிட்டது), கொஞ்ச தூரம் நடந்ததும் நிற்பார். வலது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும். போஸ்டர் பார்ப்பது போல இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும், மறுபடி நடப்பார், சரியாக அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். நரம்புத் தளர்ச்சி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நடந்தால் வந்து, நின்றால் போகும் கெண்டைக்கால் வலி, காலுக்குப் போகும் இரத்தக் குழாய் அடைப்பின் அடையாளம். காலில் அடைத்தவருக்கு இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாயிலும் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை எடுத்து ஒப்பிட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். அவருக்குச் சர்க்கரையும் இருக்கிறது. காலில் சின்னப் புண் வந்தாலும் ஆறாது என்பதால் இது விளையாட்டுக் காரியமில்லை.

சிறுநீரில் இரத்தம் வந்தால் நம் ஊரில் முதல் மருந்து இளநீர். உடம்புச் சூடு என்பார்கள். கடுப்போடு வந்தால் பெரும்பாலும் கிருமித் தொற்று, அல்லது கல். வலியே இல்லாமல் ஒருநாள் சிவப்பாகப் போய், அடுத்த நாள் தெளிந்துவிட்டால், முன்பு புகைத்த பெரியவர் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். புகையின் நச்சு இரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டி, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தேங்குகிறது. அந்தப் பையில் புற்றுநோய் வருவதற்கு முதன்மையான காரணம் புகைதான். தானாக நின்றுவிடுவதுதான் அதன் தந்திரம். இளநீர் குடித்தோம், சரியாகிவிட்டது என்று ஆறு மாதம் ஓடிவிடும்.

பீடியை விட்டவர்கள் சிலர் மாவாவுக்குப் போய்விடுகிறார்கள் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு கலந்து பொட்டலமாக வருவது. புகை வரவில்லை, ஆகவே விட்டாயிற்று என்று கணக்கு. வாய்க்குள் வெள்ளைத் திட்டோ, மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் பல் டாக்டரிடமாவது வாயைத் திறந்து காட்ட வேண்டும்.

பெண்களைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. காசிமேட்டில் மீன் விற்ற வயதான பெண்களில் சுருட்டு பிடித்தவர்கள் இருந்தார்கள். ஆந்திரக் கடற்கரையில் எரியும் நுனியை வாய்க்குள் வைத்துச் சுருட்டு பிடிக்கும் வழக்கம் பெண்களிடம் உண்டு. மேல் அண்ணத்தில் புற்றுநோய் வருவதற்கு அது காரணம் என்று மருத்துவ நூல்களே பேசுகின்றன. அந்தப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் குடியேறிய பாட்டி ஒருவர் மருமகளுக்குத் தெரியாமல் பல ஆண்டு பிடித்துவிட்டு, பல் போன பிறகு நிறுத்தினார். மூச்சுத்திணறலுக்கு அவரை எத்தனையோ டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். பாட்டியிடம் சுருட்டைப் பற்றிக் கேட்க யாருக்குத் தோன்றும்? போதாக்குறைக்கு விறகடுப்புப் புகை, கணவனின் பீடிப் புகை.

இப்போது நைனாவின் மருத்துவ ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: “பீடி, 24 வயது முதல் 58 வரை, நாளைக்கு 25. விட்டது 2012. காச நோய் மருந்து 1989.” டாக்டர் கேட்கட்டும், கேட்காமல் போகட்டும், திறந்ததும் கண்ணில் படும். ஆண்டுதோறும் ஃபுளூ தடுப்பூசி போடச் சொன்னார்கள், நிமோனியா தடுப்பூசியும் சொன்னார்கள். இரண்டாவது சில ஆயிரம் ரூபாய். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், அது பெரிய காரியம். அவர்கள் கொண்டுவரும் பையில் இந்த ஊசிக்கும் ஓர் இடம் கிடைத்தால் எங்கள் தெருவில் மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ் வருவது குறையும்.

எஞ்சியிருப்பது சி.டி. ஸ்கேன். அமெரிக்காவில் 53,000 பேரை வைத்து நடத்தி 2011-இல் வெளிவந்த சோதனையில், கதிர்வீச்சு குறைந்த சி.டி. ஸ்கேனை ஆண்டுக்கொரு முறை எடுத்தவர்களிடம், எக்ஸ்ரே எடுத்தவர்களை விட நுரையீரல் புற்றுநோய்ச் சாவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஐம்பது முதல் எண்பது வயதுக்குள், இருபது ஆண்டுக்கு நாளைக்கொரு பாக்கெட் அளவில் புகைத்து, விட்டுப் பதினைந்து ஆண்டு ஆகாதவர்களுக்கு அங்கே இதைப் பரிந்துரைக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு தேசியத் திட்டம் இல்லை. காச நோய்த் தழும்பு இங்கே பலர் நெஞ்சில் புள்ளியாகத் தெரியும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் எடுத்துவிடவும் முடியாது. ‘மாஸ்டர் செக்கப்’ விளம்பரங்களில் சேர்த்திருக்கும் நெஞ்சு எக்ஸ்ரேயை நம்பிக்கொண்டு இருப்பதும் பயனில்லை, அது சின்னக் கட்டியைக் காட்டாது. டாக்டரும் நாங்களும் பேசி, எடுப்பது என்று முடிவு செய்தோம்.

வலது மேல்பக்கத்தில் ஆறு மில்லிமீட்டரில் ஒரு புள்ளி. பழைய காச நோய்த் தழும்பாகத்தான் இருக்கும் போலிருக்கிறது, ஓரம் சுண்ணாம்பு படிந்திருக்கிறது, ஆனாலும் ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்து அளவு மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். நைனா தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டார். தன் கெண்டைக்கால் கூட்டாளியையும் அன்றைக்கே கூட்டிப்போய் இரத்தக் குழாய் ஸ்கேன் எடுத்துவிடலாமா, இரண்டு பேருக்கு ஒரே ஆட்டோ போதுமே என்று கேட்டார். கூட்டாளி இன்னும் சம்மதிக்கவில்லை. அவருக்குத் தைலத்தில் இன்னும் பாதிப் பாட்டில் மீதம் இருக்கிறதாம்.